செயின்சாவுக்கு எந்த பிளக் வாங்குவது? சிறிய பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொடக்க விளக்கம்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் சின்ன பெட்ரோல் எஞ்சின் இல்லாத தோட்டம் இப்போது குறைவு. சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பில் பிரஷ் கட்டர், மல்லிகைத் தோட்டத்தில் முதுகில் மாட்டுகிற பவர் ஸ்பிரேயர், ஓடைக் கரையில் தண்ணீர் இறைக்க ஒரு பெட்ரோல் பம்பு. சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதிரிக் கெட்டி மரத்தைக் கண்மாய்க்குள் நின்று அறுக்கிறவர்கள் கையில் செயின்சா. இவை எல்லாவற்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்பார்க் பிளக் இருக்கிறது. கயிற்றை எத்தனை தடவை இழுத்தும் மெஷின் எடுக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழும். உடனே டவுனுக்கு வந்து, “அண்ணே, மரம் அறுக்கிற மெஷினுக்கு ஒரு பிளக் குடுங்க” என்று கேட்பார்கள்.

கடைக்காரர் என்ன செய்வார்? மரை பொருந்துகிற ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுப்பார். மாட்டினால் மெஷின் ஓடவும் செய்யும். பிரச்சினை அப்புறம்தான் தெரியும்: நாலு நாளில் கரி பிடித்து நிற்கும், இல்லையென்றால் சூடேறி பிஸ்டனைப் பதம் பார்க்கும். மரம் அறுக்கிற மெஷினுக்கான பிளக் என்று பொதுவாக ஒன்று கிடையாது. உங்கள் மெஷினின் மாடலுக்கு, அதைத் தயாரித்தவர் கையேட்டில் எழுதியிருக்கிற குறியீட்டு எண் ஒன்று இருக்கிறது. நம்பகமான பிளக் என்றால் அந்த எண்ணுள்ள அசல் பிளக். எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்விகள். அந்த எண் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். உங்கள் பவர் டில்லர் டீசலில் ஓடுகிறது என்றால் இந்தக் கட்டுரை அதற்குப் பொருந்தாது.

செயின்சாவில் பேட்டரி இல்லை. கயிற்றை இழுக்கும்போது சுற்றுகிற சக்கரத்தில் காந்தம் பதித்திருக்கிறது. அது காயிலைக் கடந்து போகும்போது ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் உண்டாகி, பிளக்கின் நடுக்கம்பி வழியாக இறங்கி, நுனியில் இருக்கிற சின்ன இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. அந்தப் பொறியில்தான் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றுகிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இது நடக்க வேண்டும். செயின்சா நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 200 முறை. 3,600 சுற்றில் ஓடுகிற ஃபோர் ஸ்ட்ரோக் பம்பில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும், அதாவது விநாடிக்கு 30. இரண்டும் சின்ன எஞ்சின்தானே என்று ஒரே பிளக்கை மாற்றி மாற்றிப் போட முடியாததற்கு இந்த வித்தியாசம் ஒரு பெரிய காரணம்.

குறியீட்டைப் படிப்பது எப்படி

பல ஸ்டில், ஹஸ்க்வர்னா செயின்சாக்களின் கையேட்டில் என்ஜிகே கம்பெனியின் பிபிஎம்ஆர்7ஏ என்ற பிளக் இருக்கும். இதைப் பிரித்துப் பார்ப்போம். ‘பி’ என்றால் மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர். அடுத்த ‘பி’, உள்ளே இருக்கிற வெள்ளைப் பீங்கான் நுனி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதைச் சொல்கிறது. (ஆங்கிலத்தில் முதலாவது B, இரண்டாவது P; தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன.) ‘எம்’ என்றால் உயரம் குறைந்த குட்டை வகை, இதற்கு 19 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும். ‘ஆர்’ என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 7 என்பது வெப்ப எண். இந்த பிளக்கின் மரைப்பகுதி 9.5 மில்லிமீட்டர் நீளம்தான்.

இப்போது ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பு, வீடர், ஜெனரேட்டர் என்று பல மெஷின்களில் இருப்பது. அதற்குச் சொல்லியிருப்பது பிபிஆர்6இஎஸ். விட்டம் அதே 14தான். ஆனால் ‘இ’ என்ற எழுத்து மரையின் நீளம் 19 மில்லிமீட்டர் என்கிறது, செயின்சா பிளக்கைப் போல இரண்டு மடங்கு. ஹோண்டாவின் குட்டி எஞ்சினான ஜிஎக்ஸ்35க்கோ சிஎம்ஆர்5ஹெச்; ‘சி’ என்றால் விட்டமே 10 மில்லிமீட்டர், ‘ஹெச்’ என்றால் மரை நீளம் 12.7.

விட்டம் மாறினால் பிளக் மரையில் பிடிக்கவே பிடிக்காது, அதனால் அதில் யாரும் ஏமாற மாட்டார்கள். ஆபத்து நீளத்தில்தான். 9.5 இருக்க வேண்டிய இடத்தில் 19ஐத் திருகினால், அது நன்றாகத்தான் இறங்கும். கயிற்றை இழுத்ததும் பிஸ்டன் மேலே வந்து பிளக் நுனியில் இடிக்கும். அந்த அளவுக்கு நீளம் இல்லாமல் கொஞ்சமே கூடினாலும், உள்ளே நீட்டியிருக்கிற மரையில் கரி படிந்து, அடுத்த தடவை கழற்றும்போது ஹெட்டின் மரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். நீளம் குறைந்தால் பொறி உள்ளடங்கிய பொந்துக்குள் விழும், கலவை சரியாகப் பற்றாது. வீட்டில் கிடக்கிற பழைய டூவீலர் பிளக்கை அவசரத்துக்குச் செயின்சாவில் மாட்டுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. கழற்றிய பிளக்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரை நீளத்தை ஒப்பிடாமல் அப்படிச் செய்யவே கூடாது.

அந்த வெப்ப எண்

பிளக் தேர்வில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ‘ஹாட் பிளக்’ போட்டால் பொறி பலமாக வரும் என்று சிலர் சொல்வார்கள். ‘கூல் பிளக்’ போட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்று வேறு சிலர். இரண்டும் சரியில்லை. வெப்ப எண்ணுக்கும் பொறியின் பலத்துக்கும் சம்பந்தமில்லை. எஞ்சினில் எரிகிற சூடு பிளக்கின் நுனிக்கு வருகிறது. அந்தச் சூட்டைப் பிளக் எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது.

கண்மாயை நினைத்துப் பாருங்கள். வருகிற வெள்ளம் எஞ்சின் தருகிற சூடு, பிளக் கலுங்கு மாதிரி. கலுங்கு அகலமாக இருந்தால் தண்ணீர் வேகமாக வெளியேறி மட்டம் தாழ்ந்தே நிற்கும். குறுகலாக இருந்தால் மட்டம் ஏறிக்கொண்டே போகும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவிலான ஒரு மட்டம்.

அந்த மட்டம் சுமார் 450 டிகிரி செல்சியஸிலிருந்து 850 டிகிரிக்குள். நுனியின் சூடு 450க்குக் கீழே இருந்தால் அதில் படிகிற கரியும் எண்ணெயும் எரிந்து போகாமல் அப்படியே தங்கிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். எனவே மின்சாரம் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதற்குப் பதிலாகக் கரி வழியாகவே ஒழுகிப்போய்விடும், பொறி வராது. மறுபக்கம், 850ஐத் தாண்டினால் நுனியே தணல் போலக் கனன்று, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது வெடிப்பு கீழே தள்ளினால் என்ன ஆகும்? பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுகிற அளவுக்குப் போகும்.

இந்த வேறுபாட்டை உண்டாக்குவது வெள்ளைப் பீங்கானின் வடிவம். பீங்கான் நுனி நீளமாக, ஒடுங்கி இருந்தால் சூடு உலோக உடலை அடைய நீண்ட தூரம் போக வேண்டும், நுனி சூடாகவே இருக்கும். குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். என்ஜிகே கணக்கில் ஒரு எண் மாறினால் நுனிச் சூடு சுமார் 70 முதல் 100 டிகிரி வரை மாறும். அதிவேகத்தில் ஓடுகிற, காற்றால் மட்டுமே குளிர்கிற செயின்சாவுக்கு 7 என்பதும், நிதானமாக ஓடுகிற ஜிஎக்ஸ்160க்கு 6 என்பதும் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். என்ஜிகேயில் எண் கூடக் கூட பிளக் ‘கூல்’.

எல்லாக் கம்பெனியும் அப்படி இல்லை என்பதுதான் சிக்கல். டென்சோவும் எண் கூடினால் கூல் என்றே வைத்திருக்கிறது, ஆனால் அளவுகோல் வேறு: ஜிஎக்ஸ்160க்கு என்ஜிகேயில் 6 என்றால் டென்சோவில் 20. பாஷும் சாம்பியனும் தலைகீழ். எண் கூடினால் ஹாட். ஸ்டில் எம்எஸ் 180 செயின்சாவின் கையேட்டில் என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ என்றும் பாஷ் டபிள்யூஎஸ்ஆர்6எஃப் என்றும் இரண்டும் இருக்கும். 7க்கு 7 பார்த்து வாங்குகிறேன் என்று பாஷில் 7 கேட்டால் வேறு பிளக் வந்துவிடும்.  வேறு கம்பெனிக்கு மாறும்போது எண்ணை ஒப்பிடாமல், அந்தக் கம்பெனியின் இணைப் பட்டியலைப் பார்த்தே வாங்க வேண்டும்.

‘மதுரை வெயிலுக்கு ஒரு எண் கூலாகப் போட்டால் நல்லதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரையில் வெளியே 40 டிகிரி, மார்கழியில் 20 என்று வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் 20 டிகிரிதான். 450க்கும் 850க்கும் நடுவில் இருக்கிற அகலத்துக்கு அது ஒன்றுமே இல்லை. கையேட்டில் உள்ள எண்ணை மாற்ற வேண்டாம். வெயில் காலத்தில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்றால், சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு நடுவே ரம்பத்தூளும் எண்ணெயும் சேர்ந்து அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். காற்று போகிற வழி அடைத்துக் கிடக்கும்போது எந்த பிளக் போட்டும் பயனில்லை.

ரெசிஸ்டர், தலைத் திருகு, இரிடியம்

ரெசிஸ்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொறி குதிக்கும்போது வானொலி அலைகளில் இரைச்சல் கிளம்பும், ரெசிஸ்டர் அதை அடக்குகிறது. இன்றைய செயின்சாக்களில் காயிலும், சிலவற்றில் எரிபொருள் அளவும் மின்னணு முறையில் இயங்குவதால் இந்த இரைச்சல் அவற்றையும் குழப்பக்கூடும். குறியீட்டில் ‘ஆர்’ இருந்தால் ‘ஆர்’ உள்ளதையே வாங்குங்கள்.

பிளக்கின் உச்சியில் இருக்கிற திருகு பலரும் கவனிக்காத இடம். சில பிளக்குகளில் அது உடலோடு சேர்ந்தே இருக்கும். சிலவற்றில் தனியாகத் திருகுகிற சின்ன நட்டாக இருக்கும். அப்படித் தனி நட்டு வந்தால் கட்டிங் பிளேயரால் இறுக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். லூசாக இருந்தால் பிளக் கேப்புக்குள் மின்சாரம் தாவி, வெளியிலேயே பொறி பறக்கும். பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிற மெஷின் இது. தீப்பிடிக்கும் என்று கையேடுகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. காய்ந்த சருகுக்கு நடுவில் நின்று வேலை செய்கிறவர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரிடியம் பிளக் செயின்சாவுக்கு வேண்டுமா? என் அபிப்பிராயம், தேவையில்லை. இரிடியத்தின் பெரிய பலன் நீண்ட ஆயுள். ஸ்டில் கையேடு சுமார் 100 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு பிளக்கை மாற்றச் சொல்கிறது. எப்படியும் மாற்றப்போகிற, எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடுகிற எஞ்சினுக்குச் சாதாரண நிக்கல் பிளக் போதும். மிச்சப் பணத்தில் இன்னொரு பிளக் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது அதிக உபயோகம்.

அசலா போலியா

குறியீடு சரியாக இருந்தும் ஏமாறுகிற இடம் இது. பெயர் பெற்ற பிளக்குகளுக்கெல்லாம் போலி உண்டு. போலியின் பீங்கான் சூட்டில் விரிசல் விடும், உள்ளே காற்றுக் கசியும், வெப்ப எண் என்று அச்சடித்திருப்பதற்கும் உண்மையில் இருப்பதற்கும் தொடர்பிருக்காது. வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். அசலில், நுனியில் வளைந்திருக்கிற பக்கக்கம்பி நடுக்கம்பிக்கு நேர் மேலே நிற்கும். போலியில் பெரும்பாலும் கோணலாக இருக்கும். மரை வழவழப்பாக, பளபளப்பாக இருக்க வேண்டும், பிசிறு தட்டக் கூடாது. மரைக்கு மேலே உள்ள வாஷரைச் சுழற்றினால் சுழலலாம், ஆனால் என்ஜிகே அசலில் அது சுலபமாகக் கழன்று கையோடு வராது. ஸ்பேனர் பிடிக்கிற உலோகப் பகுதியில் தயாரிப்புத் தொகுதி எண் பொறித்திருக்கும். பீங்கானின்மேல் உள்ள எழுத்து மங்கலாகவோ சாய்வாகவோ இருந்தால் அந்த பிளக்கை வைத்துவிடுங்கள். பழைய மெக்கானிக்குகள் இன்றும் ‘மைக்கோ பிளக்’ என்பார்கள். அது பெங்களூரில் 1951இல் தொடங்கிய கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனி 2008இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிவிட்டது. இன்று மைக்கோ என்று கேட்டால் பாஷ்தான் தருவார்கள், குழம்ப வேண்டாம். பில் கொடுக்கிற கடையில் வாங்குவதும், முடிந்தால் மெஷினின் சர்வீஸ் டீலரிடமே வாங்குவதும் பத்து இருபது ரூபாய் கூடினாலும் நல்லது.

மாட்டுவதும் நிறம் பார்ப்பதும்

எஞ்சின் ஆறிய பிறகு கழற்றுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை முதலில் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மண் நேராகச் சிலிண்டருக்குள் விழும். புது பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) பாருங்கள்: எம்எஸ் 180 போன்ற செயின்சாக்களுக்கு 0.5 மில்லிமீட்டர், ஜிஎக்ஸ்160க்கு 0.7 முதல் 0.8 வரை. சரிசெய்ய வேண்டியிருந்தால் பக்கக்கம்பியை மட்டும் மெதுவாக வளைக்கலாம். நடுக்கம்பியைத் தொட்டால் பீங்கான் உடையும். பிறகு ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே கடைசிவரை திருகுங்கள். ஹெட் அலுமினியம், பிளக் எஃகு. கோணலாக ஏறினால் சேதம் ஹெட்டுக்குத்தான். விரலுக்கு மேல் போகாத இடத்திலிருந்து, புது பிளக் என்றால் ஸ்பேனரால் சுமார் அரைச் சுற்று. அந்த அரைச் சுற்றில் வாஷர் நசுங்கி அடைத்துக்கொள்ளும். பழைய பிளக்கைத் திரும்ப மாட்டும்போது வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் லேசான ஒரு பிடி போதும்.

கழற்றிய பிளக்கைத் தூக்கிப் போடும் முன் அதன் நுனியைப் பாருங்கள். நன்றாக மரம் அறுத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திக் கழற்றியதாக இருந்தால்தான் நிறம் உண்மை சொல்லும். சும்மா ஐடிலில் ஓடிய எஞ்சினின் பிளக் எப்போதுமே கொஞ்சம் கறுத்திருக்கும். வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. உலர்ந்த கரி என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் 2டி ஆயில் (பெட்ரோலில் கலக்கிற டூ ஸ்ட்ரோக் எண்ணெய்) அளவைச் சந்தேகியுங்கள். 1:50 கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லிதான். கண் மதிப்பில் ஊற்றுகிற இடங்களில் இது இரட்டிப்பாவது சகஜம். வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியது போலவோ கொப்பளித்தோ இருந்தால் அதுதான் கவலைப்பட வேண்டிய நிறம். கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது தவறான வெப்ப எண். இப்போது பங்கில் கிடைக்கிற 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய கார்புரேட்டரில் கலவையைச் சற்று மெலிதாக்கும். வெள்ளை நிறத்தோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். காரணம் தெரியும்வரை மெஷினை நிறுத்திவைப்பதே நல்லது.

கரி பிடித்த பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவதும் எல்லாப் பட்டறையிலும் பார்க்கலாம். உப்புத்தாளின் மணல் துகள் பீங்கான் இடுக்கில் தங்கி சிலிண்டருக்குள் போகும். கம்பி பிரஷ் பீங்கானின்மேல் மெல்லிய உலோகக் கோடு இழுத்துவிடும், மின்சாரம் அந்தக் கோட்டிலேயே ஒழுகும். பெட்ரோலில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் துடைத்துக் காயவைத்து மாட்டினால் போதும். அதற்கும் சரிவரவில்லை என்றால் புதியது போடுங்கள்.

புது பிளக்கும் வேலை செய்யவில்லை என்றால்? பிளக்கை வெளியே எடுத்து, கேப்பில் மாட்டி, எஞ்சினின் உலோகப் பகுதியில் நன்றாக அழுத்திவைத்து கயிற்றை இழுத்துப் பொறி பார்க்கிறார்கள். பிளக் ஓட்டைக்குத் தள்ளி வைத்து, பக்கத்தில் சிந்திய பெட்ரோல் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ரப்பர் கேப்பை மட்டும் பிடித்துச் செய்யலாம். ஆனால் வெளிக்காற்றில் பொறி வந்துவிட்டது என்பதாலேயே உள்ளேயும் வரும் என்று நினைக்காதீர்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி குதிக்க இன்னும் அதிக வோல்ட் வேண்டும். வெளியே பொறி மெலிதாக, விட்டுவிட்டு வந்தால் காயிலையும் பிளக் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். பொறி நன்றாக இருந்து, பத்து தடவை இழுத்த பிறகும் பிளக் நுனி உலர்ந்தே இருக்கிறதென்றால் பெட்ரோல் மேலே வரவில்லை. டேங்குக்குள் இருக்கிற ஃபில்டரிலிருந்து ஆரம்பியுங்கள்.